கொழுந்தியாள் காட்டிய ஊர்

அந்த அம்மாளுக்கு எழுபது வயதுக்குக் குறையாது. கழுத்தளவில் வெட்டிய வெள்ளை முடி, கண்ணில் ஒரு கண்ணாடி, கழுத்துச் சங்கிலியில் தொங்கும் இன்னொரு கண்ணாடி. காலையில் நூலகம் திறந்ததுமே வந்து, எனக்குப் பக்கத்து மேசையில் தடித்த கோப்பு ஒன்றைப் பிரித்து வைத்துவிட்டார். பென்சிலை எடுத்துக் கூர் பார்த்துச் சீவிக்கொண்டார். கோப்பின் முதுகில் ஒரு மனிதரின் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. இங்கிலாந்தில் எந்தத் தெருவில் நின்று கூப்பிட்டாலும் இரண்டு பேராவது திரும்பிப் பார்க்கிற பெயர். அதை இங்கே எழுதவில்லை. அது அவர்கள் வீட்டுப் பெயர்.

நூலகம் இருப்பது அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில், டெம்பிள் சதுக்கத்துக்கு எதிரே. ஃபேமிலிசர்ச் நூலகம் என்கிறார்கள். இறந்துபோன முன்னோருக்காகவும் ஞானஸ்நானம் பெறலாம் என்பது மார்மன் சபையாரின் நம்பிக்கை. அதற்கு முன்னோரின் பெயர் தெரிய வேண்டும். அந்தத் தேவைக்காக 1894இல் தொடங்கிய சங்கம், 1938 முதல் நாடு நாடாகப் போய்க் கோயில் பதிவேடுகளையும் அரசாங்கப் பேரேடுகளையும் மைக்ரோஃபிலிமில் பிடித்துவந்தது. ஏறத்தாழ 24 லட்சம் சுருள்கள். நகரை அடுத்த கருங்கல் மலையைக் குடைந்து கட்டிய காப்பகத்தில் அவை பத்திரமாக இருக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றும் வேலை 2021இல் முடிந்தது. இந்த நூலகக் கட்டடம் 1985இல் திறந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. என்ன மதம், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. பெரிய பெரிய திரைகளுக்கு முன்னால் ஆளுக்கொரு செத்த மனிதரைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அம்மாள் தேடுவது தன் பாட்டனாரின் தாத்தாவை. கோப்பில் மேலாக இருந்தது 1870ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் நகல். மாசசூசெட்ஸ் மாநிலம், ஃபால் ரிவர் நகரம். வயது 27, பருத்தி ஆலையில் வேலை, பிறந்த இடம் இங்கிலாந்து. அதன் கீழே 1880: வயது 38, பிறந்த இடம் இங்கிலாந்து, அப்பா பிறந்தது இங்கிலாந்து, அம்மா பிறந்தது இங்கிலாந்து. 1890 என்று தலைப்பிட்ட தாள் வெறுமையாக இருந்தது. அந்த ஆண்டின் ஏடுகளில் பெரும்பகுதி, 1921 ஜனவரியில் வாஷிங்டனில் பிடித்த தீயில் கெட்டு, பிறகு மிச்சமும் இல்லாமல் போய்விட்டது. 1900இல் அரசாங்கம் கேட்ட கேள்விகள் கூடியிருந்தன. பிறந்தது 1842 மே மாதம், நாட்டுக்கு வந்தது 1867, குடியுரிமை வாங்கியவர். பிறந்த இடம் மட்டும் அதே இங்கிலாந்து. 1908இல் இறந்தபோது எழுதிய பதிவில் தகப்பன் பெயரும் தாய் பெயரும் இருந்தன. தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர். தாய் பெயர் ஆன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நாற்பது ஆண்டுக்கு மேல் அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு மனிதரிடம் ஓர் அரசாங்கமும் ‘எந்த ஊர்?’ என்று கேட்கவில்லை. எந்த நாடு என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குப் போன இங்கிலாந்துக்காரர்களுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுதான். ஜெர்மானியர்களுக்குத் தனிச் செய்தித்தாள் இருந்தது. ஐரிஷ்காரர்களுக்குத் தனித் தேவாலயமும் தனித் தெருவும் இருந்தன. போலந்துக்காரரின் பெயரே அவரைக் காட்டிக் கொடுத்துவிடும். இங்கிலாந்திலிருந்து வந்தவருக்கோ பேச்சு அதே பேச்சு, பெயர் அதே பெயர், ஜெபப் புத்தகமும் ஏறக்குறைய அதேதான். வந்த வேகத்தில் கூட்டத்தோடு கலந்துவிட்டார். சார்லட் எரிக்சன் என்ற வரலாற்றாசிரியர், இப்படிப் போனவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைத் திரட்டி 1972இல் ஒரு நூல் வெளியிட்டார். கண்ணுக்குத் தெரியாத குடியேறிகள் என்று பொருள்படும் தலைப்பை அதற்கு வைத்தார். புது நாட்டில் எளிதாக வாழ முடிந்தவர்களே, நூறாண்டு கழித்துத் தேடும்போது கைக்கு அகப்படாதவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

கொஞ்ச நேரம் அம்மாள் தனியாகத்தான் போராடினார். கப்பல் பயணிகள் பட்டியலைத் திறந்தார். 1819இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு முதல், வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு கப்பலின் தலைவனும் பயணிகளின் பெயர், வயது, ஆணா பெண்ணா, தொழில், நாடு ஆகியவற்றை எழுதிச் சுங்க அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. திரையில் ஒன்று விரிந்தது. லிவர்பூலிலிருந்து வந்த கப்பல். தொழில் என்ற பத்தியில் முதல் ஆளுக்கு நேரே ‘கூலியாள்’ என்று எழுதிய எழுத்தர், அதன் கீழே அடுத்த ஆள், அடுத்த ஆள் என்று பக்கத்தின் அடி வரைக்கும் ‘மேற்படி’ என்பதற்கான இரட்டைப் புள்ளிக் கோட்டையே இழுத்திருந்தார். கொல்லன், தச்சன், நூற்பவன், நெய்பவன் எல்லாரும் அந்தக் கோட்டுக்குள் அடக்கம். 1866, 1867 ஆண்டுகளில் அந்தப் பெயரில் வந்து இறங்கிய இளைஞர்கள் ஏழு பேர் கிடைத்தார்கள். ஏழு பேரும் கூலியாட்கள், ஏழு பேரும் இங்கிலாந்து. அம்மாள் ஏழு பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டார். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கிலாந்துப் பக்கத்திலிருந்து தேடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அங்கிருந்து புறப்பட்டவர்களின் பட்டியல்கள் 1890 முதல்தான் கிடைக்கின்றன. அதற்கு முன் போனவர்கள் எந்தத் துறைமுகத்தில் ஏறினார்கள் என்பதற்குக்கூட அமெரிக்காவில் இறங்கிய கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

அப்போதுதான் அந்தத் தொண்டர் வந்தார். இவரும் ஏறக்குறைய அதே வயதுப் பெண்மணி. சட்டையில் பெயர்ப் பட்டை. பணி ஓய்வு பெற்ற பிறகு இங்கே சம்பளமில்லாமல் வந்து வேலை செய்கிறவர்கள் பலர், அவர்களில் ஒருவர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கோப்பைப் புரட்டினார். அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு தாளையும் மேலிருந்து கீழாக, விரலை வைத்துப் படித்தார்.

“குடியுரிமைக் காகிதம் பார்த்தீர்களா?”

அம்மாள் எடுத்துக் கொடுத்தார். 1906க்கு முன்னால் அந்தக் காகிதத்துக்கு நாடு முழுதுக்கும் பொதுவான படிவம் கிடையாது. எந்த நீதிமன்றத்திலும் வாங்கலாம். எழுதுகிறவர் இஷ்டத்துக்கு எழுதலாம். இதிலும் இரண்டே வரி. கிரேட் பிரிட்டன், அயர்லாந்து ஆகியவற்றின் அரசியான விக்டோரியாவுக்குக் காட்டிய விசுவாசத்தை இதோடு கைவிடுகிறேன் என்று சத்தியம். அரசியின் பெயர் இருந்தது. ஊரின் பெயர் இல்லை.

தொண்டர் திரும்பவும் 1870ஆம் ஆண்டுத் தாளுக்கு வந்தார். அம்மாளின் முன்னோர் பெயருக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. அவர் மனைவிக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் சிறு சிறு புள்ளிகள். அதற்குக் கீழே, அதே வீட்டில், இன்னொரு பெயர் இருந்தது. 25 வயதுப் பெண். ஆலையில் நெசவு. பிறந்த இடம் இங்கிலாந்து. எழுதத் தெரியாது என்ற பத்தியில் ஒரு கோடு. அவளுக்கு எந்தப் புள்ளியும் போடவில்லை.

“இவள் யார்?”

“வீட்டில் தங்கியிருந்தவள். வாடகைக்கு இருந்திருப்பாள். பெயர் வேறாக இருக்கிறதே.”

“1870இல் உறவு கேட்டு எழுதவில்லை. 1880இல்தான் அந்தப் பத்தியைச் சேர்த்தார்கள். பெயர் வேறு என்பதால் உறவில்லை என்று சொல்ல முடியாது” என்றார் தொண்டர். “அவரைக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். இவளைப் பார்ப்போம்.”

அம்மாளின் முகத்தில் ஒரு தயக்கம் தெரிந்தது. தன் ரத்தத்தைத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். யாரோ ஒரு நெசவுக்காரிக்கு நேரம் செலவழிக்கச் சொல்கிறார்கள். ஆனாலும் தலையசைத்தார்.

அந்தப் பெண்ணின் குடும்பப் பெயர் அபூர்வமானது. வாயில் சட்டென்று நுழையாது. அதுதான் அவளுடைய பலம் என்பது அடுத்த அரை மணி நேரத்தில் புரிந்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவை மாநில அளவில் 1841இலேயே தொடங்கிவிட்டது. ஃபால் ரிவர் திருமணப் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தட்டினார்கள். 1872இல் ஒருத்திதான் இருந்தாள். 27 வயது, நெசவாளி, முதல் திருமணம். மாசசூசெட்ஸ் பதிவேட்டில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. மணமகனின் தாய் தந்தை, மணமகளின் தாய் தந்தை என்று நான்கு பேர் பெயரையும் கேட்டு எழுதுவார்கள். இங்கிலாந்துத் திருமணப் பதிவேட்டிலோ தகப்பனுக்கு மட்டும்தான் இடம் இருந்தது. தாயின் பெயரையும் அதில் சேர்க்கத் தொடங்கியது 2021 மே மாதத்தில்தான். இங்கிலாந்தில் பதிவு முறை தொடங்கிய 1837இலிருந்து கணக்கிட்டால், 180 ஆண்டுக்கு மேல் மணமக்களின் தாய்மார்கள் அந்த ஏட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார்கள்.

திரையில் பதிவேட்டின் அகன்ற பக்கம். தொண்டர் விரல் வரிசையில் நகர்ந்துகொண்டே போயிற்று. தேதி, பெயர், வயது, தொழில். பிறந்த இடம் என்ற பத்திக்கு வந்ததும் நின்றது.

“படியுங்கள்.”

அம்மாள் கழுத்துக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அந்தப் பத்தியில் மேலேயும் கீழேயும் எல்லா வரியிலும் இங்கிலாந்து, அயர்லாந்து, கனடா என்றே இருந்தது. இந்த ஒரு வரியில் மட்டும் அந்த எழுத்தர் ஊரை எழுதியிருந்தார். ஸ்டேலிபிரிட்ஜ். அவள் வற்புறுத்திச் சொன்னாளோ, அவருக்கு அன்றைக்கு நேரம் இருந்ததோ, எழுதிவிட்டார். ‘ஸ்டே’யில் மை கொஞ்சம் பரவியிருந்தது. அம்மாள் அந்தப் பெயரை மெல்ல எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்புறம் இன்னொரு தடவை, இப்போது சற்று உரக்க.

“இது அவள் ஊர்தானே? அவருடைய ஊர் என்று எப்படிச் சொல்வது?”

“சொல்ல முடியாது. இன்னும் இல்லை” என்றார் தொண்டர்.

அந்த ‘இன்னும் இல்லை’ என்ற வார்த்தைக்காகவே அந்தத் தொண்டர்மேல் எனக்கு மரியாதை வந்தது. வம்சம் தேடுகிறவர்களுக்கு ஆசைதான் பெரிய எதிரி. பெயர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்று என்று மனசு உடனே ஒட்டவைத்துவிடும். அப்படி ஒட்டவைத்த குடும்ப மரங்கள் ஊரெல்லாம் நிற்கின்றன. இந்தப் பெண்மணி ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்க்காமல் அடுத்ததற்குப் போகவே இல்லை.

முதல் முடிச்சு, அந்த நெசவுக்காரி யார் என்பது. அம்மாளின் கோப்பில் பாட்டனாரின் பாட்டி வரிசையில் ஒருத்திக்குப் பிறந்த வீட்டுப் பெயர் இல்லாமலே இருந்தது. அவள்தான் தேடப்படுகிற மனிதரின் மனைவி. பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் அவளது முதற்பெயரை மட்டும் எழுதியிருந்தார்கள். அவள் இறந்தபோது விவரம் சொல்லவந்தவர் மருமகன் போலிருக்கிறது. பெற்றோர் என்ற இடத்தில் ‘தெரியாது’. இப்போது தொண்டர் இங்கிலாந்தின் திருமண அட்டவணையைத் திறந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு தொகுப்பாக அமைந்த அந்த அட்டவணையில் பெயர், பதிவு வட்டாரம், தொகுதி எண், பக்க எண் இவ்வளவுதான் இருக்கும். ஒரே பக்க எண்ணில் இரண்டு பெயரும் வந்தால் அவர்கள் மணமக்களாக இருக்கலாம். ஸ்டேலிபிரிட்ஜ் அடங்கியிருந்த வட்டாரம் ஆஷ்டன்-அண்டர்-லைன்; தொகுதி 8டி. அபூர்வப் பெயரைப் போட்டுத் தேடினார். 1864, ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான தொகுப்பு. அதே பெயரில் ஒரு மணமகள். அவளது முதற்பெயர் கோப்பில் இருக்கிற முதற்பெயர். அதே பக்க எண்ணில் தேடப்படுகிற மனிதரின் பெயர்.

தேவாலயப் பதிவேட்டின் படத்தை வரவழைத்தார்கள். நான் என் நாற்காலியில் சற்று எக்கிப் பார்த்தேன். அரைப் பக்கத்தில் ஒரு திருமணம். மணமகன் வயது 22, நூற்பாலைத் தொழிலாளி, தகப்பன் அதே பெயர், நெசவாளி. கீழே மணமகன் தன் கையால் கையெழுத்துப் போட்டிருந்தார். முதல் எழுத்தைப் பெரிதாகத் தொடங்கி, இடம் போதாமல் கடைசி எழுத்துகளை நெருக்கியிருந்தார். மணமகளுக்கு எழுதத் தெரியாது. அவள் பெயரைக் குரு எழுதி, நடுவில் இடம் விட்டிருந்தார். அந்த இடத்தில் ஒரு சிலுவைக் குறி. அதற்குக் கீழே சாட்சிகள் இரண்டு பேர். இரண்டாவது சாட்சியின் பெயர் அந்த நெசவுக்காரியின் பெயர். அவளுக்கும் ஒரு குறி. அக்காவின் குறி மெலிதாக, நிமிர்ந்து, கூட்டல் குறிபோல் இருந்தது. தங்கையின் குறி சாய்ந்து, பேனாவை அழுத்தி இழுத்ததில் ஒரு முனை கோட்டைத் தாண்டிப் போயிருந்தது.

அம்மாள் திரைக்கு மிக அருகில் போய் அந்தக் குறியைப் பார்த்தார். எழுதத் தெரியாத பெண் தன் வாழ்நாளில் காகிதத்தில் தன் கையால் விட்டுப் போன அடையாளம். வாடகைக்குக் குடியிருந்தவள் என்று கோப்பில் புள்ளி வைக்காமல் விடப்பட்டவள், அக்காள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்ற 19 வயதுத் தங்கை.

இரண்டாவது முடிச்சு, அந்த மணமகன்தான் ஃபால் ரிவர் மனிதரா என்பது. 1841 கணக்கெடுப்பு இதற்கு உதவாது. அவர் அப்போது பிறக்கவில்லை. அதிலும் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். பிறந்த ஊரையும் எழுதவில்லை. அதே மாவட்டமா இல்லையா என்று மட்டும் குறித்தார்கள். 1851 மார்ச் 30இல் எடுத்த கணக்கெடுப்புதான் வயது, உறவு, பிறந்த ஊர் எல்லாவற்றையும் சரியாகக் கேட்டது. ஆஷ்டன் வட்டாரத்தில் அந்தப் பெயரில், அந்த வயதை ஒட்டி, மூன்று சிறுவர்கள் இருந்தார்கள்.

மூவரையும் தனித்தனித் தாளில் எழுதச் சொன்னார் தொண்டர். முதல் சிறுவன் 1861க்கு முன்பே இறந்துவிட்டான். அடக்கப் பதிவேட்டில் இருக்கிறான். இரண்டாமவன் 1871 கணக்கெடுப்பில், கல்யாணம் ஆகாமல், தாயோடு அதே ஊரில் இருக்கிறான். அந்த நேரத்தில் நம் மனிதர் ஃபால் ரிவரில் பிள்ளைகுட்டியோடு இருக்கிறார். ஆகவே அவனும் இல்லை. மூன்றாமவன் எட்டு வயது. தகப்பன் அதே பெயர்க்காரர், விசைத்தறி நெசவாளி. தாய் பெயர் ஆன். மகனின் தொழில் என்ற இடத்தில் ஆலையில் அறுந்த நூலை ஒட்டுகிறவன் என்று எழுதியிருந்தது. 1844ஆம் ஆண்டுச் சட்டப்படி எட்டு வயதுக் குழந்தையை அரை நாள் ஆலையில் வைத்துக்கொள்ளலாம். மீதி நேரம் பள்ளிக்கூடம் போக வேண்டும். மியூல் என்ற நூற்பு எந்திரத்தின் வண்டி முன்னும் பின்னும் ஓடும்போது, அதோடு வெறுங்காலில் ஓடி, அறுகிற இழையைப் பிடித்து விரலால் திருகி இணைக்கிற வேலை. அந்தப் பையன் கல்யாணப் பதிவேட்டில் தன் பெயரைத் தானே எழுதியது அந்த அரை நாள் பள்ளிக்கூடத்தின் வரவு என்று நினைத்துக்கொண்டேன்.

அதே பக்கத்தில், இரண்டு வீடு தள்ளி, அந்த அபூர்வக் குடும்பப் பெயர். உள்ளே இரண்டு சிறுமிகள், அக்காளும் தங்கையும்.

“இப்போது சொல்லலாமா?” என்றார் அம்மாள்.

தொண்டர் விரல்விட்டு எண்ணினார். வயது ஒத்துப்போகிறது. தகப்பன் பெயரும் தொழிலும் கல்யாணப் பதிவோடு ஒத்துப்போகின்றன. தாய் பெயர் அமெரிக்க இறப்புப் பதிவோடு ஒத்துப்போகிறது. மனைவியும் மனைவியின் தங்கையும் இரண்டு கரையிலும் கூடவே இருக்கிறார்கள். அந்தப் பெயரில் இருந்த மற்ற இரண்டு சிறுவர்களுக்கும் கணக்கு முடிந்துவிட்டது.

“சொல்லலாம்” என்றார்.

அம்மாள் உடனே எழுதவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அப்புறம் ஒரு புதுத் தாள் எடுத்து, பிறந்த இடம் என்பதற்கு நேரே ஸ்டேலிபிரிட்ஜ் என்று எழுதினார்.

ஊர் தெரிந்ததும், ஏன் புறப்பட்டார் என்ற கேள்விக்கும் பாதி விடை வந்துவிட்டது. ஸ்டேலிபிரிட்ஜ் மான்செஸ்டருக்குக் கிழக்கே டேம் ஆற்றங்கரையில் உள்ள ஆலை நகரம். அதன் ஆலைகள் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தியை நம்பி ஓடின. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு, வடபடை தெற்கத்தித் துறைமுகங்களை அடைத்ததும், பருத்தி வரத்து நின்றது. லங்காஷயரும் அதை ஒட்டிய ஊர்களும் பஞ்சத்தில் விழுந்தன. 1862 கடைசியில் சுமார் 5 லட்சம் பேர் நிவாரணத்தை நம்பி இருந்தார்கள். 1863 மார்ச்சில் ஸ்டேலிபிரிட்ஜ் நிவாரணக் குழு, கொடுத்துவந்த பணத்தைக் குறைத்து, அதையும் காசாகத் தராமல் கடையில் மாற்றிக்கொள்ளும் சீட்டாகத் தர முடிவு செய்தது. பிச்சைக்காரர்களைப் போல் நடத்துகிறார்கள் என்று ஜனங்கள் கொதித்துத் தெருவில் இறங்கினார்கள். கடைகள் உடைந்தன; குதிரைப்படை வந்தது.

“அவர் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார், இல்லையா? இருபது வயது” என்றார் அம்மாள்.

“அந்த ஊரில் இருந்தார். அவ்வளவுதான் எழுதலாம்.”

அம்மாள் சிரித்தபடி அப்படியே எழுதிக்கொண்டார்.

ஃபால் ரிவருக்குப் போனதும் இப்போது புரிகிறது. போர் முடிந்தபின் அந்த நகரத்தில் பருத்தி ஆலைகள் பெருகின. 1871, 1872 ஆண்டுகளில் கருங்கல் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. நூற்கவும் நெய்யவும் பழகிய கைகள் வேண்டும். அந்தக் கைகள் லங்காஷயரில் இருந்தன. மாமனும் மச்சானும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். ஒரு நாட்டின் சண்டை தன் வேலையைப் பறித்தது. சண்டை ஓய்ந்ததும் அந்த நாட்டிலேயே போய் அதே வேலையைத் தேடிக்கொண்டார் அந்த மனிதர். வேறு வேலை அவருக்குத் தெரியாது. எட்டு வயது முதல் அவர் செய்தது அதுதான்.

மதியத்துக்கு மேல் கப்பலுக்குத் திரும்பினார்கள். இந்தத் தடவை அவருடைய பெயரைத் தேடவில்லை. கொழுந்தியாளின் அபூர்வப் பெயரைத் தட்டினார் தொண்டர். பாஸ்டன் துறைமுகத்துப் பட்டியல், 1867. பெயரின் எழுத்து ஒன்று மாறியிருந்தது, ஆனால் அவள்தான். வயது 22. அவளுக்கு மேலே அக்காள். அக்காளுக்கு அடுத்து இரண்டு வயதுக் குழந்தை. தொழில் என்ற பத்தியில் பெண்களுக்கு எதுவுமே எழுதவில்லை. ஆலையில் நின்று உழைத்த இரண்டு பெண்களும் கப்பல் கணக்கில் தொழிலில்லாதவர்கள்.

அவர் அந்தக் கப்பலில் இல்லை. சில மாதம் முன்னதாக வந்து, வேலை பிடித்து, வீடு பார்த்து வைத்துவிட்டு இவர்களை வரவழைத்திருக்க வேண்டும். அப்போது அது சாதாரணமாக நடந்ததுதான். அவர் வந்த கப்பல் அந்த ஏழு பேரில் ஒருவருடைய கப்பல். அது எது என்று இன்றைக்குத் தீர்க்க முடியவில்லை. அம்மாளுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. குழந்தையோடு கடல் கடந்த அக்காளுக்குத் துணையாக, தனக்கென்று அங்கே யாரும் இல்லாத ஒரு தங்கை புறப்பட்டு வந்திருக்கிறாள். அடுத்த ஐந்தாண்டு அதே வீட்டில் இருந்து ஆலைக்குப் போய்வந்திருக்கிறாள். இரண்டாவது குழந்தை பிறந்தபோது அவள்தான் பக்கத்தில் இருந்திருப்பாள். அம்மாளின் வம்சம் அந்த வீட்டிலிருந்து கிளைத்தது. அதைத் தாங்கிப் பிடித்தவர்களில் ஒருத்தி, 150 ஆண்டாக அந்தக் குடும்பத்தின் எந்தக் காகிதத்திலும் உறவாகக் குறிக்கப்படாமல் இருந்திருக்கிறாள்.

சாதாரண ஜனங்களின் வரலாறு இப்படித்தான் கிடைக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ராஜாவைத் தேடினால் ராஜாவே கிடைப்பார். ஒரு நூற்பாலைத் தொழிலாளியைத் தனியாகத் தேடினால் கிடைக்கமாட்டார். அவரைப்போல் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர் யாரோடு குடியிருந்தார், யார் அவருக்குச் சாட்சி நின்றார்கள், யார் அவர் பிணத்தோடு போய் விவரம் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த நான்கைந்து பேர் சேர்ந்து நிற்கிற இடத்தில்தான் அவர் ஒருவராகத் தெரிகிறார். அந்த நான்கைந்து பேரில் பெண்களே அதிகம். பிறந்த வீட்டுப் பெயரைக் கல்யாணத்தோடு இழந்தவர்கள், தொழில் எழுதப்படாதவர்கள், கையெழுத்துக்குப் பதில் குறி போட்டவர்கள். அவர்களை விட்டுவிட்டு வம்சாவளி எழுதுவது நடக்காத காரியம்.

நூலகம் மூடப்போகும் அறிவிப்பு வந்தது. தொண்டர் எழுந்து அடுத்த மேசைக்குப் போய்விட்டிருந்தார். அம்மாள் கோப்பைக் கட்டவில்லை. இந்த நூலகத்தின் கணினியில் உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரே குடும்ப மரம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதில் விவரம் சேர்க்கலாம். அதைத் திறந்து, அந்தக் கொழுந்தியாளின் பெயரில் ஒரு பக்கம் தொடங்கினார். அவள் அம்மாளின் நேர்வழி முன்னோர் இல்லை. இருந்தும் எல்லாவற்றையும் ஏற்றினார்: 1851இல் ஸ்டேலிபிரிட்ஜில் சிறுமி; 1864இல் சாட்சி; 1867இல் பாஸ்டனில் இறங்கியவள்; 1870இல் நெசவாளி; 1872இல் மணமகள். ஒவ்வொன்றுக்கும் எந்த ஏடு, எந்தப் பக்கம் என்று கீழே குறித்தார். அவளுக்கும் பேரன் பேத்திகள் இருப்பார்கள். அவர்களில் யாராவது ஒருநாள், இங்கிலாந்து என்ற ஒற்றைச் சொல்லோடு முட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் தேடிவரும்போது ஊர் கையில் கிடைக்க வேண்டும் என்று, அம்மாள் கடைசி நிமிடம் வரைக்கும் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.